மூன்று மணி நேரம் ஒரு நிமிடம்: ஏஐ ஈசிஜி பற்றி அந்த இரவுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை

அப்பாவுக்கு மாரடைப்பு வந்த அன்று எடுத்த முதல் ஈசிஜி தாளில் இரவு 11.40 என்று அச்சாகியிருக்கிறது. இரண்டாவது தாளில் அதிகாலை 2.41. இரண்டுக்கும் நடுவே போன மூன்று மணி நேரம் ஒரு நிமிடத்தில் அவருடைய இதயத்தின் பின்சுவரில் ஒரு பகுதி ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துப்போனது. எக்கோ ஸ்கேனில் இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவு இப்போது 45 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. நடக்கிறார், பேசுகிறார், மாத்திரை நேரம் தவறுவதில்லை. ஆனாலும் அந்த இரண்டு தாள்களையும் எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. அன்று வீட்டில் அவரோடு நான் மட்டும்தான். எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எந்த ரிசல்ட்டை எவ்வளவு நம்பலாம் என்று ஒன்றும் தெரியாமல் நின்றேன். பிறகு டாக்டர்களைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

இரவு 9.45-க்கு "நெஞ்சுல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு" என்றார். வலி என்ற வார்த்தையையே அவர் சொல்லவில்லை. 61 வயது, பல வருடங்களாகச் சர்க்கரை. அஜீரணம் என்று நினைத்து மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தேன். சர்க்கரை உள்ளவர்கள், வயதானவர்கள், பெண்கள் ஆகியோருக்கு மாரடைப்பு பல சமயம் நெஞ்சுவலியாக வருவதில்லை என்பது அன்று எனக்குத் தெரியாது. மூச்சு வாங்கலாம், குப்பென்று வியர்க்கலாம், வாந்தி வரலாம், தாடையோ தோள்பட்டையோ முதுகோ வலிக்கலாம். நெஞ்சுப் பாரம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் விடவில்லை என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சொந்த வண்டியில் போனால் வேகமாகப் போகலாம் என்று தோன்றும். வழியில் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிட்டால் வண்டி ஓட்டுகிறவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆம்புலன்ஸில் ஷாக் கொடுக்கும் கருவி இருக்க வாய்ப்புண்டு, சில ஆம்புலன்ஸ்களில் வழியிலேயே ஈசிஜி எடுத்து மருத்துவமனைக்கு அனுப்பியும் விடுவார்கள். நான் வீட்டிலேயே ஒன்றரை மணி நேரத்தைத் தொலைத்தேன்.

அருகிலிருந்த ஒரு சிறிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது 11.20. பதிவு, பழைய ஃபைல், ரத்த அழுத்தம் என்று இருபது நிமிடம் ஓடிய பிறகுதான் ஈசிஜி. நெஞ்சுவலியோடு வருபவருக்கு வாசலில் நுழைந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து ஒரு டாக்டர் பார்த்துவிட வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள வழிகாட்டு நெறி. இது தெரிந்திருந்தால் கவுன்ட்டரில் நிற்கும்போதே "நெஞ்சுப் பாரம், சர்க்கரை இருக்கு, முதல்ல ஈசிஜி எடுங்க, பதிவு நான் போட்டுக்கறேன்" என்று சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

தாளின் மேல் ஓரத்தில் 'சைனஸ் ரிதம் (இயல்பான துடிப்பு), நார்மல் ஈசிஜி' என்று அச்சாகியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதே, அதுதான் ஏஐ என்று நினைத்துக்கொண்டேன். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். ஈசிஜி மெஷின் தானாக அச்சடிக்கும் அந்த வரி பெரும்பாலும் பல பத்தாண்டுகளாக இருந்துவரும் விதிமுறை மென்பொருளின் வேலை. எஸ்டி பகுதி (ஒவ்வொரு துடிப்பிலும் கூர்முனைக்கு அடுத்து வரும் கோடு) இத்தனை மில்லிமீட்டர் உயர்ந்தால் மாரடைப்பு, இல்லையென்றால் இல்லை என்று அளவுகோல் வைத்துப் பார்ப்பது அது. அடுத்தடுத்த இரண்டு லீட்களில் (இதயத்தை வெவ்வேறு கோணத்திலிருந்து காட்டும் கோடுகள்) 1 மி.மீ உயர வேண்டும். நெஞ்சில் ஒட்டும் வி2, வி3 லீட்களில் மட்டும் கணக்கு வேறு: 40 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு 2 மி.மீ, அதற்குக் குறைந்த ஆண்களுக்கு 2.5 மி.மீ, பெண்களுக்கு 1.5 மி.மீ. ரத்தக்குழாய் முழுதாக அடைத்தும் இந்த அளவைத் தொடாத ஈசிஜிகள் உண்டு. எஸ்டி உயராத மாரடைப்பு என்று பெயர் எழுதிப் படுக்க வைக்கப்படுபவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குப் பின்னால் ஆஞ்சியோ செய்யும்போது குழாய் முழுதாக அடைத்திருப்பது தெரிகிறது. புதிய ஏஐ மென்பொருள்கள் இவர்களைப் பிடிப்பதற்காக வந்தவை. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் ஈசிஜியையும் அவர்களுடைய ஆஞ்சியோ முடிவையும் சேர்த்துக் கொடுத்துப் பழக்கப்பட்டவை. ஆகவே யாராவது "கம்ப்யூட்டர் நார்மல்னு சொல்லுது" என்றால், எந்தக் கம்ப்யூட்டர் என்று கேட்பது நியாயமான கேள்வி.

அதே இடத்தில் விரலளவு அட்டையில் டிரோபோனின் பரிசோதனையும் செய்தார்கள். ஒரே கோடு, நெகட்டிவ். இது இரண்டாவது பொய்யான நிம்மதி. டிரோபோனின் இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் புரதம். கசிந்து, அட்டை காட்டும் அளவுக்குச் சேர 3 முதல் 6 மணி நேரம்கூட ஆகும். பாரம் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் எடுத்த ஒற்றை அட்டைச் சோதனையை வைத்து மாரடைப்பு இல்லை என்று யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. நாங்கள் போனோம். அமிலத்துக்கு ஓர் ஊசி போட்டார்கள், பாரம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. ஊசியிலோ அஜீரண மருந்திலோ வலி குறைந்தால் இதயம் காரணமில்லை என்று அர்த்தமில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். 12.30-க்கு வீட்டில் இருந்தோம்.

2 மணிக்கு அவர் உட்கார்ந்த நிலையில் சட்டை நனைய வியர்த்திருந்தார். இம்முறை ஆம்புலன்ஸ். 2.35-க்குப் பெரிய மருத்துவமனையின் எமர்ஜென்சி. ஆறே நிமிடத்தில் ஈசிஜி. அங்கிருந்த டெக்னீஷியன் வேலை செய்த விதத்தைப் பார்த்த பிறகுதான் முதல் இடத்தில் என்ன குறை என்பதே எனக்குப் புரிந்தது. முதலில் துண்டால் நெஞ்சை அழுத்தித் துடைத்தார், ஏனென்றால் வியர்வையில் எலக்ட்ரோடு ஒட்டாது, கோடு அலை அலையாக வரும். முடி இருந்த இடத்தில் ரேசரால் இரண்டு இழுப்பு. பிறகு காறை எலும்பிலிருந்து விரலால் தடவி விலா இடைவெளிகளை எண்ணிக்கொண்டே இறங்கினார். வி1 மார்பெலும்பின் வலது ஓரத்தில் நான்காவது இடைவெளியில், வி2 அதற்கு நேர் எதிரே இடது ஓரத்தில். வி4 ஐந்தாவது இடைவெளியில், காறை எலும்பின் நடுவிலிருந்து நேர் கீழே. வி3 என்பது வி2, வி4 இரண்டுக்கும் நடுவே. வி5, வி6 இரண்டும் வி4-ன் மட்டத்திலேயே பக்கவாட்டில், வி6 அக்குளின் நடுக்கோட்டில். அவசரத்தில் வி1, வி2 இரண்டையும் ஒன்று இரண்டு இடைவெளி மேலே ஒட்டிவிடுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அப்போது இல்லாத பழைய மாரடைப்பு இருப்பது போலவும், இருக்கும் மாற்றம் மறைந்தும் தெரியலாம். வலது கை, இடது கை ஒயர்கள் மாறிவிட்டால் லீட் 1 தலைகீழாக வரும். தாளின் அடியில் வினாடிக்கு 25 மி.மீ, மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ என்று இருக்க வேண்டும். 5 மி.மீ என்று வைத்து எடுத்தால் எல்லா ஏற்ற இறக்கமும் பாதியாகத்தான் தெரியும். ஏஐ எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் அதற்குக் கிடைப்பது இந்தக் கோடுதான். எலக்ட்ரோடு இடம் மாறினால் அதன் கணிப்பும் மாறும்.

2.41 தாள் கம்ப்யூட்டருக்குப் போன சில நொடிகளில் திரையில் எச்சரிக்கை வந்தது: ரத்தக்குழாய் அடைப்புக்கு வாய்ப்பு அதிகம். எஸ்டி எங்கும் உயரவில்லை. வி2, வி3-ல் கோடு லேசாகக் கீழே இறங்கியிருந்தது, அவ்வளவுதான். டூட்டி டாக்டர் அப்பாவை வலப்பக்கம் சாய்த்து முதுகில் மூன்று எலக்ட்ரோடு ஒட்டச் சொன்னார். வழக்கமான 12 லீட்களில் எதுவும் இதயத்தின் பின்சுவரை நேராகப் பார்ப்பதில்லை. பின்னால் எஸ்டி உயர்ந்தால் முன்னாலிருந்து பார்க்கும் லீட்களில் அது கண்ணாடிப் பிம்பம் போலக் கீழ்நோக்கித் தெரியும். வி6-ன் மட்டத்திலேயே வி7 அக்குளின் பின்கோட்டில், வி8 தோள்பட்டை எலும்பின் முனைக்குக் கீழே, வி9 முதுகெலும்பின் ஓரத்தில். இங்கே அரை மி.மீ உயர்வே போதும். அப்பாவுக்கு ஒரு மி.மீ இருந்தது. அடைத்த குழாயைத் திறக்கும் கேத் லேப் டீமைப் போனில் கூப்பிட்டுக்கொண்டே டாக்டர் என்னிடம் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "கம்ப்யூட்டர் சொன்னதுக்காக நான் டீமைக் கூப்பிடலை. அது சொன்னதால முதுகுல லீட் வச்சுப் பார்த்தேன். அதுல தெரிஞ்சதுக்காகக் கூப்பிடறேன்."

எமர்ஜென்சியில் ஏஐக்கு இருக்க வேண்டிய இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். தூக்கமில்லாத ஒரு மனிதரை, கூட்டத்துக்கு நடுவே, சரியான தாளை இன்னொரு முறை பார்க்க வைப்பது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு 2023-ல் 7,313 நெஞ்சுவலி நோயாளிகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், அவர்களுடைய மென்பொருள் அடைப்பைக் கண்டுபிடிப்பதில் டாக்டர்களின் வாசிப்பையும் விற்பனையிலுள்ள பழைய ஈசிஜி மென்பொருளையும் மிஞ்சியது. தைவானில் 43,234 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து நடத்திய சோதனையின் முடிவு 2024-ல் வந்தது. ஏஐ ஈசிஜியைப் படித்து இதய நிபுணருக்கு உடனே தகவல் அனுப்பிய பிரிவில், வாசலில் நுழைந்ததிலிருந்து குழாய் திறக்கும் வரையான இடைநிலை நேரம் 96 நிமிடத்திலிருந்து 82 ஆகக் குறைந்தது. பதினான்கு நிமிடம் என்பது கேட்கச் சின்னதாகத் தெரியலாம். ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு அது சின்னதல்ல.

தவறும் செய்யும். இடது அறைத் தசை தடித்தவர்கள், இதயத்தின் மின்பாதையில் இடது கிளை அடைப்பு உள்ளவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், இதய உறை அழற்சி வந்தவர்கள், இயல்பாகவே எஸ்டி சற்று உயர்ந்திருக்கும் இளைஞர்கள் ஆகியோருடைய ஈசிஜி மனிதரையும் மென்பொருளையும் ஒருசேரக் குழப்பும். அப்போது கை கொடுப்பது பழைய ஈசிஜி. எதிர்ப்பக்கத் தவறுதான் எனக்கு அதிகக் கவலை: ஏஐ 'அபாயம் குறைவு' என்று சொல்வது அந்தப் பத்து வினாடித் தாளைப் பற்றி மட்டும். குழாய் அடைப்பதும் திறப்பதுமாக இருக்கும் நேரத்தில் எடுத்த தாள் சுத்தமாக இருக்கக்கூடும். வலி தொடர்ந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை மறுபடி எடுக்க வேண்டும். "வலி இன்னும் இருக்கு, இன்னொரு ஈசிஜி எடுங்க, முதுகுலயும் வச்சுப் பாருங்க" என்ற ஒரு வாக்கியத்தை 11.40-க்குப் பிறகு நான் சொல்லியிருந்தால் போதும். பிறகு டாக்டர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முதல் தாளில் வி2-வில் கோடு மயிரிழை அளவு கீழே இருந்தது. நார்மல் என்ற வார்த்தைக்கு இரண்டு அங்குலம் கீழே.

2.45-க்கு எடுத்த ரத்தத்தில் உயர் உணர்திறன் டிரோபோனின் டி முடிவு 186 என்று 3.30-க்கு வந்தது. அதற்குள் அப்பா கேத் லேப் மேசையில் இருந்தார். ஈசிஜியில் அடைப்பு தெரிந்தால் டிரோபோனினுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஈசிஜியில் தெளிவாக ஒன்றும் தெரியாதவர்களுக்குத்தான் இந்த ரத்தப் பரிசோதனை கதையை முடிவு செய்கிறது. உயர் உணர்திறன் டிரோபோனின் டி என்றால் லிட்டருக்கு 14 நானோகிராம் என்பது ஆரோக்கியமானவர்களின் மேல்வரம்பு. வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்கு மேலாகியும் முதல் அளவு 5-க்குக் கீழே என்றால் மாரடைப்பு இல்லை என்று ஒதுக்கலாம். முதல் அளவு 12-க்குக் கீழே இருந்து ஒரு மணி நேரத்தில் 3-க்குக் குறைவாகவே மாறினாலும் ஒதுக்கலாம். 52-ஐத் தொட்டாலோ ஒரு மணி நேரத்தில் 5 அல்லது அதற்கு மேல் மாறினாலோ மாரடைப்பாகவே எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைத் தொடங்குவார்கள். நடுவில் மாட்டுபவர்களுக்கு மூன்றாவது மணி நேரத்தில் இன்னொரு முறை ரத்தம் எடுப்பார்கள். டிரோபோனின் ஐ என்ற இன்னொரு வகை என்றால் இந்த எண்கள் செல்லாது, கிட்டுக்குக் கிட்டு வரம்பு மாறும். ஒரு லேபில் 0.014 என்றும் இன்னொரு லேபில் 14 என்றும் வந்தால் பதற வேண்டாம், முதலாவது மில்லிலிட்டர் கணக்கு, இரண்டாவது லிட்டர் கணக்கு, இரண்டும் ஒன்றே. சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு, கடும் தொற்று ஆகியவற்றிலும் டிரோபோனின் உயர்ந்தே இருக்கும். ஆகவே ஒற்றை எண்ணைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே பேசும்.

இந்தக் கணக்கையும் ஏஐ இப்போது கையில் எடுத்திருக்கிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான கோட்-ஏசிஎஸ் என்ற மென்பொருள் டிரோபோனின் அளவோடு வயது, பாலினம், ஈசிஜி மாற்றம், வலி தொடங்கிய நேரம் போன்றவற்றைச் சேர்த்து 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் தரும். 3-க்குக் கீழே என்றால் வாய்ப்பு மிகக் குறைவு, 61 அல்லது அதற்கு மேல் என்றால் அதிகம். 2023-ல் வெளியான ஆய்வில், வந்தவுடனேயே அபாயம் குறைவு என்று அது ஒதுக்க முடிந்தவர்கள் 61 சதவீதம், வழக்கமான ஒற்றை வரம்பு முறையில் 27 சதவீதம். அப்படி ஒதுக்குவதிலும் துல்லியம் குறையவில்லை. நெஞ்சுவலியோடு வருபவர்களில் பெரும்பாலோருக்கு மாரடைப்பு இல்லை என்பதால், அவர்கள் சீக்கிரம் எழுந்து போனால் படுக்கையும் டாக்டரின் கவனமும் அப்பா போன்றவர்களுக்குக் கிடைக்கும்.

இதில் குடும்பத்தார் கையில் இருக்கும் ஒரே தகவல் வலி தொடங்கிய நேரம். அதை நான் தப்பாகச் சொன்னேன். 9.45 என்றேன். மறுநாள் கேட்டபோது, மாலை ஏழு மணிக்கு மாடிப்படி ஏறும்போதே பாரமாக இருந்தது, பத்து நிமிடத்தில் விட்டுவிட்டது என்றார் அப்பா. வந்துபோன முதல் வலி எப்போது, விடாமல் நீடிக்கும் வலி எப்போது தொடங்கியது என்று இரண்டு நேரங்களையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். 'சாயங்காலத்துல இருந்து' என்று பொதுவாகச் சொன்னால், மூன்று மணி நேரம் ஆகாத ஒருவரை ஆகிவிட்டதாகக் கணக்கிட்டு, குறைந்த டிரோபோனினை நம்பி அனுப்பிவிடும் ஆபத்து உண்டு. போனில் ஒரு குறிப்பாக எழுதி வைத்துவிட்டால் நான்கு பேர் கேட்டாலும் ஒரே பதில்தான் போகும்.

கேத் லேபுக்குப் போவதற்கு முன் அவசரமாகச் சில கேள்விகள் வரும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதா, சமீபத்தில் மூளையிலோ வயிற்றிலோ ரத்தக்கசிவு உண்டா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு. இன்னொன்றும் கேட்பார்கள், பல குடும்பங்களில் வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறார்கள்: ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை. சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரத்துக்குள், டாடலாஃபில் போட்டு 48 மணி நேரத்துக்குள் நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை கொடுத்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடும். உண்மையைச் சொல்லிவிடுங்கள். நாங்கள் போன இடத்தில் கேத் லேப் இருந்தது, 3.40-க்குக் குழாய் திறந்தது. இல்லாத இடமாக இருந்து, 120 நிமிடத்துக்குள் அப்படி ஓர் இடத்தில் குழாயைத் திறக்க முடியாது என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டுவிட்டு மாற்றுவதுதான் முறை. "இங்கேயே ஊசி போடுவீர்களா, மாற்றுவீர்களா, எத்தனை மணிக்கு?" என்று அப்போதே கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக அந்தத் தாள்கள். ஈசிஜி பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாள். சில வருடத்தில் வெளுத்துவிடும், பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்தால் சூட்டில் முழுக்கக் கறுத்துவிடும். எடுத்த அன்றே தட்டையாக வைத்து, நிழல் விழாமல், நான்கு ஓரமும் தெரியும்படி நேர் மேலிருந்து படம் எடுங்கள். தாளைப் படம் பிடித்தாலே படிக்கும் ஏஐ செயலிகள் டாக்டர்களிடம் வந்துவிட்டன. மடிப்பும் சாய்வும் அவற்றைத் தடுமாற வைக்கும். அப்பா வீட்டுக்கு வந்த அன்று எடுத்த ஈசிஜியில் மாரடைப்பின் தழும்பு இருக்கிறது. இனி அவருக்கு அதுதான் 'நார்மல்'. தேதி போட்டு, என் போனிலும் தம்பி போனிலும் அப்பாவின் போனிலும் முதல் படமாக வைத்திருக்கிறேன். அடுத்த முறை யாரிடம் போனாலும் புதுத் தாளோடு சேர்த்து அதையும் நீட்டுவதற்காக.